பெண்ணையாற்றில் ஓர் எல்லை இருந்தது

 

கொஞ்சம் நீளமான பதிவு. "சார் ஆரம்பிச்சா மணி அடிச்சாலும் நிறுத்த மாட்டார்" என்று நீங்கள் அந்தக் காலத்தில் பேசிக்கொண்டது எனக்குத் தெரியும். இப்போது மணியடிக்க ஆளில்லை. ஆகவே, ஒரு காபி போட்டுக்கொண்டு உட்கார்ந்து படியுங்கள்.

ஒவ்வோர் ஆண்டும் நவம்பர் முதல் வாரத்தில் எனக்கு இரண்டு நாட்கள் நினைவுக்கு வரும். ஒன்று நவம்பர் 1. 1954இல் புதுச்சேரி, காரைக்கால், மாகே, ஏனாம் ஆகிய நான்கு பகுதிகளின் நிர்வாகமும் பிரெஞ்சுக்காரர்களிடமிருந்து இந்தியாவின் கைக்கு வந்த நாள். மற்றொன்று நவம்பர் 9. 1989இல் பெர்லின் சுவர் திறந்த நாள். முன்னது நம் வீட்டுக் கதை, பின்னது உலகக் கதை. இரண்டையும் ஒரே கரும்பலகையில் எழுத வைத்தவன் என் மாணவன் ஒருவன்தான்.

1990 அக்டோபர் என்று நினைவு. ஜெர்மனி ஒன்றான செய்தி நாளிதழ்களில் பெரிதாக வந்திருந்தது. பாடப்புத்தகத்திலோ இன்னும் இரண்டு ஜெர்மனி. "புத்தகத்தில் உள்ளதைத் தேர்வுக்குப் படியுங்கள், நான் சொல்வதை வாழ்க்கைக்கு வைத்துக்கொள்ளுங்கள்" என்று சொல்லிவிட்டு நடந்ததையெல்லாம் விளக்கினேன். கடைசி வரிசையில் இருந்து ஒருவன் எழுந்தான். "சார், ஒன்னா சேர்ந்துட்டா அப்புறம் எல்லாரும் சந்தோஷமா இருப்பாங்களா?" என்றான். வகுப்பு சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. என் அப்பாவும் பெரியப்பாவும் பதினோரு ஆண்டுகள் பேசிக்கொள்ளாமல் இருந்தது ஞாபகம் வந்தது. "உட்காரு, அப்புறம் சொல்றேன்" என்றேன். அந்த "அப்புறம்" இப்போதுதான் வந்திருக்கிறது.

முதலில் நம் எல்லையைப் பார்ப்போம்.

இன்றைய பிள்ளைகளுக்குக் குருவிநத்தம் என்றால் புதுவை மாநிலம், பாகூர் கொம்யூன். பெண்ணையாற்றுக்கு அக்கரை கடலூர் மாவட்டம். அவ்வளவுதான். புதுச்சேரிப் பகுதியின் வரைபடத்தைப் பார்த்தால் வாழையிலையில் சிந்திய பருக்கைகள் போல அங்கொன்றும் இங்கொன்றுமாக இருக்கும். பேருந்தில் பத்து நிமிடம் போவதற்குள் தமிழ்நாடு வந்து, மறுபடி புதுச்சேரி வந்துவிடும். யாரும் உட்கார்ந்து யோசித்துக் கோடு போட்டதால் வந்த எல்லை அல்ல இது. 18ஆம் நூற்றாண்டின் நடுவில், கர்நாடகத்து நவாப் பதவிக்காக நடந்த சண்டையில், சந்தா சாகிப் பக்கம் நின்ற பிரெஞ்சுக்காரர்களுக்குக் கைம்மாறாகக் கிடைத்தவை வில்லியனூர், பாகூர்ச் சீமைகள். எந்தெந்த ஊரின் வரி யாருக்கு என்று அன்று எழுதிக் கொடுத்த கணக்குதான் பின்னாளில் நாட்டின் எல்லையாகிவிட்டது. 1752இல் நம் பாகூரிலேயே ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் மோதினார்கள். பிரெஞ்சுப் படை தோற்றது. அதற்குப் பின்னும் ஊர்கள் பலமுறை கை மாறின. நெப்போலியன் போர்கள் முடிந்து, 1814ஆம் ஆண்டின் பாரீஸ் ஒப்பந்தப்படி பிரெஞ்சுக்காரருக்குத் திரும்பக் கிடைத்தவை அப்படியே நிலைத்தன.

ஆக, ஆற்றின் இந்தக் கரையில் பிறந்தவன் பிரான்சின் குடி, அந்தக் கரையில் பிறந்தவன் இங்கிலாந்தின் குடி. இரண்டு பேரும் பேசியது ஒரே தமிழ். பெண் கொடுத்து, பெண் எடுத்து வாழ்ந்தார்கள். எங்கள் அத்தையைக் கட்டிக்கொடுத்தது அக்கரையில்தான். கோடையில் ஆறு வற்றிவிட்டால் மணலில் நடந்தே போய் மத்தியானச் சாப்பாட்டை முடித்துக்கொண்டு, பொழுது சாய்வதற்குள் திரும்பிவிடலாம்.

பிரச்சினை 1947க்குப் பிறகுதான் வந்தது. அக்கரை சுதந்திர நாடாகிவிட்டது, இக்கரை ஆகவில்லை. அதுவரை 1941இல் செய்துகொண்ட சுங்க ஏற்பாட்டின்படி சரக்குகள் பெரிய தடையில்லாமல் போய் வந்தன. 1949இல் அந்த ஏற்பாடு முடிவுக்கு வந்ததும் இந்திய அரசு எல்லையில் சுங்கக் காவலைப் போட்டது. புதுச்சேரியில் கப்பலில் வந்து இறங்கும் வெளிநாட்டுச் சாமான்கள் அக்கரைக்குப் போகாமல் தடுக்க வேண்டும் என்பது அவர்கள் நியாயம். கடிகாரம், பேனா, மது, தங்கம் என்று கடத்தல் கொடிகட்டிப் பறந்த காலம் அது. ஆனால், கடத்தல்காரனைப் பிடிக்கப் போட்ட வேலியில் முதலில் சிக்கிக்கொள்வது சம்பந்திகள்தானே!

எங்கள் ஆயா சொன்ன கதை இது. அத்தைக்கு வளைகாப்பு. புதுச்சேரியில் எடுத்த புதுச் சீலையைக் கூடையில் வைத்துக்கொண்டு போனால், கரையில் நிற்கும் காவலர் "இது எங்கே வாங்கினது, தீர்வை கட்டினாயா" என்று கேட்பார். ஆயா என்ன செய்தார் தெரியுமா? புதுச் சீலையைக் கட்டி, அதன்மேல் தன் பழைய சீலையைச் சுற்றிக்கொண்டு ஆற்றைக் கடந்தார். மணல் கொதிக்கிற வெயில். அக்கரை போனதும் மகள் வீட்டுப் புழக்கடையில் மேல் சீலையை அவிழ்த்துவிட்டு, "பத்து மாசம் சுமந்ததுக்கு மேல இன்னைக்குத்தான்டி கனமா சுமந்தேன்" என்றாராம். இதைச் சொல்லும்போதெல்லாம் ஆயா சிரிப்பார். ஒரு தடவைகூட நான் அந்தக் கண்ணைப் பார்த்துச் சிரித்ததில்லை.

இப்போது ஜெர்மனிக்குப் போய்வருவோம்.

இரண்டாம் உலகப் போரில் தோற்ற ஜெர்மனியை வென்ற நாடுகள் நான்கு மண்டலங்களாகப் பிரித்துக்கொண்டன. 1949 மே மாதத்தில் மேற்கே ஒரு குடியரசு. அதே ஆண்டு அக்டோபரில், சோவியத் ஆதரவோடு, கிழக்கே கம்யூனிஸ்ட் ஆட்சியில் இன்னொரு குடியரசு. கவனியுங்கள், நம் ஆற்றங்கரையில் சுங்கக் காவல் வந்ததும் அதே 1949தான். கிழக்கிலிருந்து மேற்குக்கு மக்கள் இலட்சக்கணக்கில் ஓடினார்கள். அதைத் தடுக்க 1961 ஆகஸ்ட் 13 அன்று இரவோடு இரவாகப் பெர்லினில் முள்வேலி போட்டார்கள். பிறகு அது கற்சுவரானது. மேற்கு பெர்லினைச் சுற்றி மொத்தம் 155 கிலோமீட்டர். அதைத் தாண்ட முயன்றும், அதன் தொடர்பிலும் குறைந்தது 140 பேர் உயிரை விட்டார்கள்.

நம் எல்லையையும் அந்தச் சுவரையும் ஒன்று என்று நான் சொல்ல வரவில்லை. நம் ஆயா பயந்தது சீலை போய்விடுமே என்றுதான். அங்கே ஒரு தாய் பயந்தது பிள்ளையின் உயிருக்கு. அளவு வேறு. ஆனால், ஒரே மொழி பேசும் ஒரே குடும்பம் இரண்டு அரசுகளின் கீழே கிடந்து தவிப்பது என்றால் என்ன என்று குருவிநத்தத்துக்காரனுக்கு யாரும் விளக்கத் தேவையில்லை.

எல்லைகள் எப்படி விழுகின்றன? என் வகுப்பில் இதற்கு இரண்டு காரணம் எழுதச் சொல்வேன்: உள்ளே இருப்பவர்கள் தள்ள வேண்டும்; தூரத்தில் அதைத் தாங்கிப் பிடித்திருக்கும் கை தளர வேண்டும். இரண்டில் ஒன்று மட்டும் போதாது.

நம் ஊரில் தள்ளியவர்கள் யார்? ஆலைத் தொழிலாளர்களிடமிருந்து தொடங்க வேண்டும். 1936 ஜூலை 30 அன்று எட்டு மணி நேர வேலை முதலான உரிமைகளுக்காகப் போராடிய பஞ்சாலைத் தொழிலாளர்கள் மீது துப்பாக்கிச் சூடு நடந்து 12 பேர் இறந்தார்கள். அந்தப் போராட்டத்தின் தலைவர் வ. சுப்பையா. 1934இலேயே 'சுதந்திரம்' என்று பத்திரிகை தொடங்கியவர். கம்யூனிஸ்ட். வரலாற்றின் வேடிக்கையைப் பாருங்கள்: ஜெர்மனி ஒன்றாவதற்கு அங்கே ஒரு கம்யூனிஸ்ட் ஆட்சி முடிய வேண்டியிருந்தது. இங்கேயோ, அந்நிய ஆட்சியை முடித்துவைக்க முன்னால் நின்றவர்களில் கம்யூனிஸ்டுகளும் உண்டு. ஒரு கொடியின் நிறத்தை மட்டும் பார்த்து வரலாற்றுக்கு மதிப்பெண் போடக் கூடாது. அந்தக் கொடியைப் பிடித்தவன் ஆட்சியில் இருந்தானா, அடிபட்டுக்கொண்டிருந்தானா என்று பார்க்க வேண்டும்.

காங்கிரஸ்காரர்களும் மாணவர்களும் தள்ளினார்கள். கடைசியில் பிரெஞ்சுக்காரர்களுக்கு வேண்டியவராக இருந்த எதுவார் குபேரே 1954 மார்ச்சில் கட்சி மாறி, இணைப்புக்கு ஆதரவாக வந்துவிட்டார். ஏன் மாறினார் என்பதற்கு அவரவர் ஒரு காரணம் சொல்வார்கள். 1954 மார்ச் 31 அன்று நெட்டப்பாக்கத்தில் இந்தியக் கொடி ஏறியது. அங்கே முத்துக்குமரப்ப ரெட்டியாரும் அவருடன் நின்றார். அதைத் தொடர்ந்து கிராமப்புறக் கொம்யூன்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் பிரெஞ்சு அதிகாரத்திலிருந்து நழுவின. ஜூனில் ஏனாம், ஜூலையில் மாகே. எங்கள் அப்பா அந்த நாட்களில் மாட்டு வண்டி கட்டிக்கொண்டு போய்க் கொடியேற்றத்தைப் பார்த்துக் கைதட்டிவிட்டு வந்தவர். நான் அப்போது கைக்குழந்தை.

தூரத்தில் தளர்ந்த கை எது? அதைத் தெரிந்துகொள்ள வியட்நாம் போக வேண்டும். 1954 மே 7 அன்று தியன் பியன் பூ என்ற இடத்தில் பிரெஞ்சுப் படை சரணடைந்தது. அடுத்த மாதம் பிரதமரான மாந்தேஸ் பிரான்ஸ், வெளியே போக வேண்டிய இடங்களிலிருந்து கௌரவமாக வெளியேறுவது என்ற முடிவுக்கு வந்தார். ஜூலையில் ஜெனீவா ஒப்பந்தம். இதில் ஒரு கொடுமை பாருங்கள். நம் எல்லை அழிந்த அதே ஆண்டில் வியட்நாமில் 17ஆம் அட்சக்கோட்டை ஒட்டிப் புது எல்லை ஒன்று முளைத்தது. அது அழிய 1975 ஏப்ரல் வரை, எத்தனையோ இலட்சம் உயிர்கள் போக வேண்டியிருந்தது. அங்கே ஒன்றாக்கியது கம்யூனிஸ்டுகளின் வெற்றி. ஜெர்மனியில் ஒன்றாக்கியது அவர்கள் ஆட்சியின் முடிவு. கொரியா இன்னும் இரண்டாகவே கிடக்கிறது.

எங்கள் பெரியப்பா அப்போது சைகோனில்தான் இருந்தார். பிரெஞ்சுப் படையில் சிப்பாய். நம் பக்கம் 'சொல்தா' என்போமே, அதுதான். அவர் ஊர் திரும்பியபோது இங்கே பிரெஞ்சுக் கொடி இறங்கி, இந்தியக் கொடி ஏறியிருந்தது.

அதற்கு முன் கீழூரைச் சொல்ல வேண்டும். வில்லியனூர் கொம்யூனில் உள்ள சிற்றூர். 1954 அக்டோபர் 18 அன்று பிரதிநிதி சபை உறுப்பினர்களும் நகராட்சி, கொம்யூன் உறுப்பினர்களுமாக 178 பேர் கூடி வாக்களித்தார்கள். இணைப்புக்கு ஆதரவாக 170, எதிராக 8. அக்டோபர் 21 அன்று டெல்லியில் ஒப்பந்தம். நவம்பர் 1 அன்று நிர்வாகம் கைமாறியது. இந்தோசீனா வங்கி அச்சடித்த பிரெஞ்சிந்திய ரூபாய் போய், இந்திய ரூபாய் வந்தது. எங்கள் ஆயா முதல் வேலையாக என்ன செய்தார் என்று நினைக்கிறீர்கள்? ஒரே ஒரு சீலை கட்டிக்கொண்டு அத்தை வீட்டுக்குப் போய்வந்தார்.

வகுப்பில் கெட்டிக்காரப் பிள்ளைகள் கேட்பார்கள்: "ஏன் சார், 178 பேர்தான் ஓட்டுப் போட்டாங்களா? ஜனங்களைக் கேக்கலையா?" நல்ல கேள்வி. சந்திரநாகூரில் 1949இல் மக்களையே கேட்டார்கள். 7,473 பேர் இந்தியா என்றார்கள், 114 பேர் வேண்டாம் என்றார்கள். நம்மிடம் பிரதிநிதிகள் வழியாகத்தான். ஜெர்மனியிலும் அப்படித்தான் நடந்தது. 1990 மார்ச் 18 அன்று கிழக்கில் முதன்முதலாகச் சுதந்திரமான தேர்தல். அதில் வென்று வந்த சபை ஆகஸ்ட் 23 அன்று வாக்கெடுத்தது: இணைய ஆதரவு 294, எதிர்ப்பு 62. அக்டோபர் 3 அன்று கிழக்கு, மேற்கோடு சேர்ந்தது. இரண்டு நாடும் சமமாக உட்கார்ந்து புது அரசியல் சட்டம் எழுதலாம் என்று சிலர் கேட்டார்கள். அதற்கு வழியும் சட்டத்தில் இருந்தது. ஆனால், இருக்கிற வீட்டில் வந்து குடியேறுவது போலத்தான் கிழக்கு வந்து சேர்ந்தது.

பெர்லினில் அந்த நவம்பர் 9 இரவு நடந்ததைச் சொல்லாமல் விட்டால் நீங்கள் என்னை மன்னிக்க மாட்டீர்கள். லைப்சிக் நகரத்தில் திங்கட்கிழமைதோறும் மக்கள் தெருவில் இறங்கிக்கொண்டிருந்தார்கள். அக்டோபர் 9 அன்று சுமார் 70,000 பேர். சுட உத்தரவு வரும் என்று எல்லோரும் பயந்தார்கள், வரவில்லை. மாஸ்கோவில் கோர்பசேவ் டாங்கிகளை அனுப்புவதாக இல்லை. தூரத்துக் கை தளர்ந்துவிட்டது. ஒரு மாதம் கழித்துச் செய்தியாளர் கூட்டத்தில் ஷபோவ்ஸ்கி என்ற கட்சிப் பிரமுகர், வெளியே போக அனுமதி தரும் புது விதியை அறிவித்தார். எப்போதிருந்து என்று கேட்டதும், கையிலிருந்த காகிதத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு, தனக்குத் தெரிந்தவரை உடனே, இப்போதே என்றார். மறுநாள் முதல் முறைப்படி நடக்க வேண்டியது. அதற்குள் மக்கள் ஆயிரக்கணக்கில் வாயிலுக்கு வந்துவிட்டார்கள். காவலர்களுக்கு மேலிடத்திலிருந்து தெளிவான பதில் இல்லை. கடைசியில் கதவைத் திறந்துவிட்டார்கள். 28 ஆண்டுச் சுவர், ஒரு காகிதத்தைச் சரியாகப் படிக்காததால் ஒரே இரவில் திறந்தது. பாடத்தை ஒழுங்காகப் படிக்காவிட்டால் வரலாறே மாறிவிடும் என்று உங்களிடம் சொன்னேனே, இதை வைத்துத்தான்!

இனிமேல்தான் அந்தக் கடைசி வரிசைப் பையனின் கேள்விக்குப் பதில் வருகிறது.

1954 நவம்பரில் நிர்வாகம் மாறியதே தவிர, சட்டப்படி நாம் பிரான்சாகவே இருந்தோம். 1956 மே 28 அன்று ஒப்படைப்பு ஒப்பந்தம் கையெழுத்தானது. ஆனால், பிரெஞ்சு நாடாளுமன்றம் அதற்கு ஒப்புதல் தந்தது 1962 ஜூலையில்தான். இடையில் அவர்களுக்கு அல்ஜீரியாவில் போர். 1962 ஆகஸ்ட் 16 அன்று ஆவணங்கள் கைமாறி, சட்டப்படி இணைந்தோம். அந்த ஒப்பந்தத்தில் ஒரு வாசகம்: இங்கே பிறந்து இங்கே வாழ்பவர்கள் தாமாகவே இந்தியக் குடிமக்கள் ஆவார்கள், பிரெஞ்சுக் குடியாகவே இருக்க விரும்புகிறவர்கள் ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுக்கலாம். தகப்பன் போடும் கையெழுத்து வயதுக்கு வராத பிள்ளைகளுக்கும் சேர்த்து. ஏறத்தாழ 5,000 பேர் அப்படி எழுதிக் கொடுத்தார்கள்.

எனக்குப் பத்து வயது. கெடு முடிய இரண்டு வாரமோ என்னவோ இருந்தது. பெரியப்பா எழுதிக் கொடுத்துவிட்டார். அவருக்கு ஓய்வூதியம் இருந்தது, படையில் பழகிய உலகம் இருந்தது. ஒரு சாயங்காலம் எங்கள் வீட்டுத் திண்ணையில் வந்து உட்கார்ந்து அப்பாவையும் எழுதிக் கொடுக்கச் சொன்னார். "ஒரு கையெழுத்துதான்டா. உனக்காகச் சொல்லல, புள்ளைங்களுக்காகச் சொல்றேன். நாளைக்குப் பிரான்சுக்குப் போய்ப் பொழச்சிக்கும்."

அப்பா நெடுநேரம் பேசவில்லை. பிறகு சொன்னார்: "அண்ணே, நெட்டப்பாக்கத்துல கொடி ஏத்துனப்போ கைதட்டுன கை இது. இந்தக் கையால அந்தக் காகிதத்துல எப்படிண்ணே போடுறது?"

பெரியப்பாவுக்கு அது தன்னைக் குத்திக் காட்டியதாகப்பட்டது. "அப்ப நான் துரோகியா?" என்று எழுந்துவிட்டார். அப்பா அப்படி நினைத்துச் சொல்லவில்லை. ஆனால், "இல்லை" என்று சொல்லவும் இல்லை. அந்த ஒரு சொல் வராததால் பதினோரு ஆண்டுகள் போயின. ஒரே தெரு, ஒரே கிணறு. ஆற்றில் இருந்த எல்லை எங்கள் வாசலுக்கு வந்துவிட்டது. 1974இல் ஆயா இறந்தபோது, கொள்ளி வைத்துவிட்டு வந்த பெரியப்பாவுக்கு அப்பா ஒரு சொம்புத் தண்ணீரை நீட்டினார். அவர் வாங்கிக் குடித்தார். சமாதானம் அவ்வளவுதான். ஒப்பந்தம் எதுவும் எழுதவில்லை.

இதற்கிடையில் பெரியப்பா மகன், என் அண்ணன், பதினெட்டு வயதில் பிரான்சுக்குப் போய்விட்டார். நான் இங்கேயே படித்து வாத்தியாரானேன். உண்மையைச் சொல்லிவிடுகிறேன்: எனக்கு வருத்தம் இருந்தது. அண்ணன் வீடு மாடி எழும்பியபோது, எங்கள் கூரைக்கு விழல் மாற்றக் காசில்லை. "அப்பா ஒரு கையெழுத்துப் போட்டிருந்தால்" என்று இருபது வயதில் நான் எத்தனையோ இரவு நினைத்திருக்கிறேன். அப்பாவிடம் கேட்டதில்லை. கேட்காததும் ஒருவகை எல்லைதான்.

ஜெர்மனியிலும் அக்டோபர் 3 வாணவேடிக்கை முடிந்த பிறகு இதுதான் நடந்தது. 1990 ஜூலை 1 அன்றே மேற்கின் மார்க் நாணயம் கிழக்குக்கு வந்துவிட்டது. சம்பளத்துக்கு ஒன்றுக்கு ஒன்று என்று மாற்றித் தந்தார்கள். மக்களுக்கு மகிழ்ச்சி. ஆனால், அந்தச் சம்பளத்தைக் கொடுத்துக் கட்டுப்படியாகாமல் கிழக்கின் பழைய ஆலைகள் மூச்சுத் திணறின. சுமார் 8,500 அரசு நிறுவனங்களை விற்கவோ மூடவோ ஓர் அமைப்பிடம் கொடுத்தார்கள். அவற்றில் வேலை செய்தவர்கள் சுமார் 40 இலட்சம் பேர். பெரும்பாலோர் வேலை இழந்தார்கள். சில ஆண்டுகளில் கிழக்கு செழித்துவிடும் என்று சான்சலர் கோல் சொன்னது அத்தனை சீக்கிரம் நடக்கவில்லை. கிழக்கத்தி, மேற்கத்தி என்று ஒருவரை ஒருவர் கேலி பேசும் வழக்கம் இன்னும் முழுதாகப் போகவில்லை என்கிறார்கள். அதே கிழக்கில் வளர்ந்த அங்கேலா மெர்கல் 2005 முதல் 16 ஆண்டுகள் ஒன்றுபட்ட நாட்டை ஆண்டார் என்பதும் உண்மை. இரண்டையும் சேர்த்துத்தான் எழுத வேண்டும்.

இந்த இடத்தில் நம் ஒப்பந்தம் செய்தவர்களை மெச்ச வேண்டும். அவசரம் காட்டவில்லை. அரசு ஊழியர்களை அப்படியே ஏற்றுக்கொண்டார்கள். பிரெஞ்சு மொழிக்கு இடம் விட்டார்கள். நம் தனி அமைப்பை மாற்றுவதானால் மக்கள் விருப்பத்தை அறிந்துதான் மாற்ற வேண்டும் என்று எழுதினார்கள். அந்த வரியின் அருமை 1979இல் தெரிந்தது. புதுச்சேரியைப் பக்கத்து மாநிலங்களோடு சேர்த்துவிடலாம் என்று பிரதமர் மொரார்ஜி தேசாய் காலத்தில் பேச்சு வந்ததும் ஊரே கொந்தளித்தது. இந்தியாவோடு சேர்வதற்கு வண்டி கட்டிக்கொண்டு போய்க் கைதட்டிய என் அப்பாவே, "கேக்காம எப்படிச் சேர்ப்பாங்க?" என்று கோபப்பட்டார். சேர்வது வேறு, கரைந்துபோவது வேறு என்பதை அவர் எந்தப் பள்ளிக்கூடத்திலும் படிக்கவில்லை.

ஆறுக்கு மட்டும் எந்த எல்லையும் எப்போதும் தெரிந்ததில்லை. 2024 டிசம்பரில் சாத்தனூர் அணையைத் திறந்துவிட்டபோது பெண்ணை இரண்டு கரையையும் ஒன்றாகத்தான் முழுகடித்தது. உங்களில் பலர் எங்கெங்கோ இருந்து சோறும் பாலும் பாயும் அனுப்பினீர்கள். அக்கரைக்கும் இக்கரைக்கும் சேர்த்தே பிரித்துக் கொடுத்தோம்.

சென்ற மாதம் அண்ணனின் பேரன் பிரான்சிலிருந்து வந்திருந்தான். இருபத்திரண்டு வயது. தமிழ் தட்டுத்தடுமாறி வருகிறது. அதுவும் நம் ஊர்த் தமிழ்தான், "இல்ல தாத்தா, போவணும் தாத்தா" என்று. "எல்லை எங்கே இருந்தது தாத்தா, காட்டுங்க" என்றான். ஆற்றங்கரைக்குக் கூட்டிப்போனேன். மணல், கொஞ்சம் தண்ணீர், நான்கு எருமை. "இதுவா?" என்றான். அவன் பெர்லின் போயிருக்கிறானாம். அங்கே சுவரில் ஒரு பகுதியைப் பார்ப்பதற்காக விட்டுவைத்திருக்கிறார்கள். இங்கே காட்ட ஒன்றுமில்லை.

பிறகு அவன், கொள்ளுத்தாத்தாவும் என் அப்பாவும் எதற்காகப் பேசிக்கொள்ளவில்லை என்று கேட்டான். அவன் வீட்டில் வேறு கதை சொல்லியிருக்கிறார்கள்: "தம்பி நம்மை ஏமாற்றிக்கொண்டு தனியாக நின்றுவிட்டான்" என்று பெரியப்பா கடைசி வரை சொல்லி அழுவாராம். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. நாங்கள் நினைத்தது, அவர் எங்களை விட்டுப் போனார் என்று. அவர்கள் நினைத்தது, நாங்கள் அவர்களை விட்டு நின்றோம் என்று. அறுபது ஆண்டுகளாக இரண்டு வீட்டிலும் இரண்டு வரலாற்றுப் புத்தகம்! கரையில் உட்கார்ந்து நான் என் புத்தகத்தைச் சொன்னேன், அவன் அவனுடையதைச் சொன்னான். அப்பா சொல்லாமல் விட்ட அந்தச் சொல்லை நான் சொன்னேன்: "உங்க கொள்ளுத்தாத்தா துரோகி இல்லப்பா. ரெண்டு பேரும் புள்ளைங்களுக்காகத்தான் நின்னாங்க." அவன் அதைத் தன் தாத்தாவிடம் சொல்லச் சொல்லிக் கைபேசியில் கூப்பிட்டுக் கொடுத்தான். அண்ணனுக்கு இப்போது எண்பது நெருங்குகிறது. மறுமுனையில் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு, "ஆத்துல தண்ணி வருதாடா?" என்றார்.

வருகிறது என்றேன்.

கடைசி வரிசைத் தம்பி, நீ இதைப் படிப்பாய் என்று நம்புகிறேன். ஒன்றாகச் சேர்ந்தால் எல்லோரும் சந்தோஷமாக இருப்பார்களா என்று கேட்டாய். உடனே இருக்க மாட்டார்கள். எல்லையை எடுப்பதற்கு ஒரு நாள் போதும். 170க்கு 8 என்று எண்ணி முடித்துவிடலாம். அந்த எல்லை ஆட்களுக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும் பாரு, அதை ஓட்டெடுத்து எடுக்க முடியாது. யாராவது ஒருவர் முதலில் பேச வேண்டும். அப்படியானால் சேராமலே இருந்திருக்கலாமா என்றால், அதுவும் இல்லை. இரண்டு சீலை கட்டிக்கொண்டு ஆற்றைக் கடந்த என் ஆயாவைக் கேட்டுப் பார், பதில் சொல்வார். பதில் சொல்ல 36 ஆண்டு ஆனதற்கு வாத்தியாரை மன்னித்துக்கொள்.

பிள்ளைகளே, விடுமுறையில் ஒருநாள் உங்கள் குழந்தைகளைக் கீழூர் நினைவிடத்துக்குக் கூட்டிப்போங்கள். வீட்டில் பெரியவர்கள் இருந்தால் 1954ஐயும் 1962ஐயும் கேட்டு எழுதி வையுங்கள். பெரியவர்கள் காத்திருக்க மாட்டார்கள். பேச்சுவார்த்தை இல்லாத பங்காளி யாராவது இருந்தால், இந்தத் தீபாவளி முடிந்த சூட்டிலேயே ஒரு போன் போடுங்கள். என்ன பேசுவது என்று தெரியாவிட்டால், ஆற்றில் தண்ணீர் வருகிறதா என்று கேளுங்கள். போதும்.

தேதியில் பிழை இருந்தால் தயங்காமல் சுட்டிக்காட்டுங்கள், திருத்திக்கொள்கிறேன். உங்கள் வீட்டுக் கதைகளைக் கீழே எழுதுங்கள். கண்ணாடி போட்டுக்கொண்டு ஒவ்வொன்றாகப் படிப்பேன்.

அனைவருக்கும் என் ஆசிகள்.

உங்கள் வாத்தியார்,
குருவிநத்தம்.